பழைய கணினியைக் கைவிட முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாரி மழை நாட்களில் மூன்று கிழமை கணினியைப் போடாமல், பிளக்கையும் கழற்றி வைத்திருந்தோம். இப்போது போட்டால் கறுப்புத் திரையில் எஃப்1 ஐ அழுத்தச் சொல்கிறது. திகதி 2002 இல் நிற்கிறது. எந்த இணையத்தளமும் திறக்கவில்லை, 'பாதுகாப்பற்றது' என்று வருகிறது. விண்டோஸைத் திரும்பப் போட வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
(வாசகி, கல்லடி)

பதில்: விண்டோஸைத் தொட வேண்டாம். செத்திருப்பது மதர்போட்டில் காசுக் குற்றி போல வட்டமாக இருக்கும் சிஆர்2032 பற்றரி. பிளக் செருகியிருக்கும் வரை பவர் சப்ளையிலிருந்து வரும் காத்திருப்பு மின்சாரம் கணினியின் மணிக்கூட்டைத் தாங்கிக்கொள்ளும். பிளக்கைக் கழற்றினால் பற்றரி ஒன்றுதான் துணை. மூன்று கிழமையில் அதன் பலவீனம் தெரிந்துவிட்டது.

இணையத்தளங்கள் திறக்காததற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. உங்கள் கணினி 2002 இல் நின்றுகொண்டு பார்ப்பதால் அந்தச் சான்றிதழ்கள் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை.

பற்றரியை மாற்ற முன் ஒரு வேலை இருக்கிறது. கணினியைப் போட்டவுடன் டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயோஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போட்டின் அடிப்படை நிரல்) திரைக்குள் போய், ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானை 15 விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். பக்கத்திலுள்ள கொளுக்கியை விரல் நகத்தால் தள்ளினால் பற்றரி மேலே எழும்பும். புதியதில் கூட்டல் அடையாளமுள்ள பக்கம் மேலே வரவேண்டும். வாங்கும்போதே மல்ரிமீற்றரில் அளந்து பாருங்கள். புதிய பற்றரி 3 வோல்ற்றுக்குக் குறையாது. 2.7 க்குக் கீழே இறங்கினால் கடையில் கிடந்து பழசானது என்று திருப்பிக் கொடுங்கள்.

திகதியைச் சரிசெய்த பிறகு விண்டோஸ் எக்ஸ்பி நீலத்திரையில் 7பி என்று முடியும் எண்ணைக் காட்டினால் பதற வேண்டாம். பற்றரி செத்தபோது பயோஸ் தன் ஆரம்ப அமைப்புக்குத் திரும்பி, ஹாட் டிஸ்க்குடன் பேசும் சாட்டா முறை ஏஎச்சிஐ ஆக மாறியிருக்கும். எக்ஸ்பியிடம் அதற்கான டிரைவர் (ஓர் உறுப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) இல்லை. அதை ஐடிஇ என்று மாற்றினால் எழும்பிவிடும். இந்த ஒரு வரியை அறியாமல் எத்தனையோ ஹாட் டிஸ்க்குகள் வீணாக அழிக்கப்படுகின்றன.

கேள்வி: பெட்டியைப் போட்டால் நீளமாகப் 'பீ... பீ...' என்று கத்திக்கொண்டே இருக்கிறது. மொனிற்றரில் ஒன்றும் வரவில்லை. விசிறி சுற்றுகிறது.
(வாசகர், காத்தான்குடி)

பதில்: அவார்ட் வகை பயோஸில் ஓயாத நீளச் சத்தம் என்றால் ரேம் பிடிபடவில்லை. ஒரு நீளமும் இரண்டு குட்டையும் என்றால் கிராபிக்ஸ் காட். கடலும் வாவியும் இரு பக்கமும் உள்ள நம் ஊர்களில் ரேம் பலகையின் தொடுமுனைகளில் உப்புக் காற்று மெல்லிய படலமாக ஏறிவிடுகிறது. கச்சான் காற்றுக் காலத்தில் அதன்மேல் தூசியும் படியும். பெரும்பாலும் ரேம் பழுதாவதில்லை. தொடர்புதான் அறுந்துபோகிறது.

பிளக்கைக் கழற்றி, கையால் இரும்புப் பெட்டியை ஒருமுறை தொட்டு, உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். இரு முனைக் கொளுக்கிகளையும் வெளியே தள்ளி ரேமை எடுத்து, பொன்னிறத் தொடுமுனைகளை வெள்ளை அழிறப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். மண் கலந்த பேனா மை அழிறப்பர் வேண்டாம், அது பூச்சையே சுரண்டிவிடும். றப்பர்த் துகள் பள்ளத்துக்குள் விழாமல் துடைத்து, ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் ஒருமுறை ஒற்றுங்கள். உள்ளே இருக்கும் பள்ளத்தை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் போய்விடும்.

திரும்பச் செருகும்போது இரு கொளுக்கியும் தாமாகவே 'டக்' என்று பூட்ட வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும், ஒவ்வொரு பள்ளத்திலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். குற்றம் ரேமிலா பள்ளத்திலா என்பது தெளிவாகும். வேறு ரேம் இரவல் வாங்கினால் வகையைக் கவனியுங்கள். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 தொடுமுனைகள்தான், ஆனால் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். முதலாவதுக்கு 1.8 வோல்ற், இரண்டாவதுக்கு 1.5. பொருந்தாவிட்டால் அழுத்தவே கூடாது.

எல்லாம் செய்தும் எழும்பாவிட்டால் சிபியூவைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டிய கப்பாசிற்றர் புடைத்திருந்தாலோ, மண்ணிறமாகக் கசிந்திருந்தாலோ அதுதான் குற்றவாளி. அதே மைக்ரோபராட், அதே அல்லது கூடிய வோல்ற், 105 பாகை, குறைந்த உள்தடை வகை என்று கேட்டு வாங்கி, கழித்தல் கோட்டைச் சரியான பக்கம் வைத்து ரேடியோ திருத்துபவரிடம் ஒட்டுவிக்கலாம்.

கேள்வி: பழைய இன்டெல் மதர்போட் கணினியில் விண்டோஸ் 7 புதிதாகப் போட்டேன். சத்தமும் நெற்வேர்க்கும் இல்லை. டிரைவர் சீடி தொலைந்துவிட்டது. இணையத்தில் தேடினால் 'உங்கள் டிரைவர்களைத் தானாகக் கண்டுபிடிப்போம்' என்ற தளங்கள்தான் வருகின்றன.
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: அந்தத் தானியங்கித் தளங்களின் பக்கம் போகவேண்டாம். ஒரு டிரைவருக்குப் போனால் பத்து விளம்பர மென்பொருள் கூட வரும். தேடவேண்டியதை நீங்களே எண்ணாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றவே முடியாது.

டிவைஸ் மனேஜரைத் திறந்தால் மஞ்சள் அடையாளத்துடன் சில பெயர்கள் தெரியும். ஒன்றில் வலது சொடுக்கி பிறோப்பற்றீஸ், அதில் டீற்றெயில்ஸ், பிறகு ஹாட்வெயார் ஐடி. அங்கே 'வென்' என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் நான்கு இலக்கம் தயாரித்தவர், 'டெவ்' என்பதற்குப் பின் வருவது சில்லு. 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் றியல்ரெக், 10டிஈ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏரிஐ, 1106 என்றால் வியா. 10ஈசியுடன் 8168 வந்தால் றியல்ரெக்கின் கிகாபிட் நெற்வேர்க் சில்லு, 8139 வந்தால் அதற்கு முந்தைய 100 மெகாபிட். சத்தத்துக்கு 0662 வந்தால் ஏஎல்சி662.

இப்போது வேறொரு கணினியில் மைக்ரோசொப்ற்றின் அப்டேற் கற்றலொக் தளத்தைத் திறந்து அந்த ஐடி வரியை அப்படியே தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். உங்கள் விண்டோஸ் பதிப்புக்குரியதையும், 32 பிற்றா 64 பிற்றா என்பதையும் பார்த்து இறக்கினால் 'கப்' என்று முடியும் பைல் ஒன்று வரும். இரட்டைச் சொடுக்கில் அது நிறுவாது. செவன்சிப் என்ற மென்பொருளால் ஒரு போல்டருக்குள் பிரித்து, டிவைஸ் மனேஜரில் டிரைவர் அப்டேற் கொடுத்து, அந்தப் போல்டரைக் காட்டவேண்டும். முதலில் நெற்வேர்க்கைச் சரிசெய்யுங்கள், மற்றவை அதன்வழி வரும்.

இன்டெல் நிறுவனம் 2019 இல் தன் பழைய மதர்போட்டுகளின் பயோஸ், டிரைவர் பைல்களைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அப்படி மறைந்தவற்றுக்கு இணைய ஆவணக் களஞ்சியத்தின் வேபக் மெசினில், பழைய டவுன்லோட் பக்கத்தின் முகவரியை ஒட்டி, மதர்போட் விற்பனையில் இருந்த ஆண்டைத் தெரிவுசெய்யுங்கள். பக்கம் மட்டும் இருந்து பைல் இல்லாமலும் போகும். அப்போது அந்தப் பக்கத்தில் காணும் பைலின் சரியான பெயரைக் கொண்டு தேடினால் வேறு இடத்தில் அகப்படும். இறக்கியதில் வலது சொடுக்கி டிஜிற்றல் கையொப்பம் தயாரிப்பாளருடையதா என்று பார்த்த பிறகே ஓடவிடுங்கள்.

விண்டோஸ் 7 இன் பழைய சீடியிலிருந்து நிறுவியிருந்தால் கேபி4490628, கேபி4474419 என்ற இரண்டு அப்டேற்றையும் இந்த வரிசையிலேயே போடவேண்டும். இவை இல்லாவிட்டால் புதிய வகைக் கையொப்பமுள்ள பைல்களை அது நம்பாது. எல்லாம் சரியானதும் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்ரோர் ஆகியவற்றுக்குள் உள்ள பைல்றெபொசிற்றரி போல்டரை முழுதாகப் பென் டிரைவில் எடுத்து, பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம். பிள்ளையின் படிப்புக்குப் போதுமா? எந்த பிறவுசர் போடலாம்? வங்கிக் கணக்கும் பார்க்கலாமா?
(வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: விண்டோஸ் 7 க்கு மைக்ரோசொப்ற்றின் ஆதரவு 2020 ஜனவரி 14 இல் முடிந்தது. குரோம் 109 உடன் நின்றுவிட்டது. ஃபயர்பொக்ஸ் 115 இன் ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவு) வரிசையைப் போடுங்கள். 115.13 க்குக் குறைந்தது வேண்டாம், அதன் உள்ளே இருக்கும் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. வங்கிக் கணக்கை அந்தக் கணினியில் திறக்கவே வேண்டாம்.

படிப்புக்கு நல்ல வழி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ். இந்த அளவு ரேமுக்கு அதன் இலகுவான வகையான அன்ரிஎக்ஸ் பொருந்தும், 1 ஜிபியிலும் ஓடும். அதைப் பென் டிரைவில் ஏற்ற ரூஃபஸ் என்ற மென்பொருள் வேண்டும். விண்டோஸ் 7 இல் ஓடும் கடைசிப் பதிப்பு 3.22, எக்ஸ்பிக்கு 2.18. முதலில் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு, சத்தம், வைஃபை, பிறின்ரர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு நிறுவுங்கள். காசு செலவழிப்பதானால் ரேமைவிட 120 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான சில்லு டிஸ்க்) ஒன்று கூடிய பலன் தரும்.

கேள்வி: கோயில் திருவிழா நோட்டீஸ்கள், நிர்வாகக் கூட்ட அறிக்கைகள் எல்லாம் இருபது வருடமாகப் பழைய கணினியில் இருக்கின்றன. புதிய மடிக்கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் குழம்பித் தெரிகிறது. பைல் கெட்டுவிட்டதா?
(வாசகர், செங்கலடி)

பதில்: கெடவில்லை. அவை பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு. 'தமிழ்' என்று தெரிவதற்கு உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினி உள்ளதை உள்ளபடி காட்டுகிறது.

உடனடித் தேவைக்கு, பழைய கணினியின் விண்டோஸ் போல்டருக்குள் உள்ள பொன்ற்ஸிலிருந்து பாமினி பைலைப் பென் டிரைவில் எடுத்து, புதியதில் நிறுவினால் போதும். ஆனால் அந்த எழுத்தைத் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்டவும் முடியாது. அறிக்கைகள் ஊரின் வரலாறு. அவற்றை, எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் பொது எழுத்துமுறையான யுனிக்கோட்டுக்கு மாற்றி வைப்பது அவசியம்.

மாற்றி ஒன்றில் முழுப் பைலையும் ஒட்டினால் மூன்று இடத்தில் பிழைக்கும். அறிக்கையில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாகிச் சிதையும், ஆகவே பாமினிப் பகுதியை மட்டும் தெரிவுசெய்து மாற்றுங்கள். தலைப்புகளுக்கு வேறு எழுத்துரு பயன்படுத்தியிருந்தால் அதன் விசை ஒழுங்கு வேறு, தனியாக மாற்றவேண்டும். கொம்பு முன்னால் வரும் 'கொ', 'கோ' போன்றவையும் 'ஸ்ரீ'யும் இடம் மாறி நிற்கலாம், மாற்றிய பின் ஒருவர் கட்டாயம் வாசித்துப் பார்க்கவேண்டும். பாமினி விசையிலேயே கை பழகியவர்கள் அதை விடத் தேவையில்லை. என்எச்எம் றைற்றர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசை ஒழுங்கைத் தெரிந்தால் அதே விரல் யுனிக்கோட்டில் தட்டும்.

நோட்டீஸ்கள் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் இருந்தால், பழைய கணினி எழும்பும் நாளிலேயே ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அரிசி ஆலைக் கணக்குகள் டொஸ் நிரலில் உள்ளன. விண்டோஸ் 10 இல் திறக்க மறுக்கிறது.
(வாசகர், சம்மாந்துறை)

பதில்: டொஸ் என்பது விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம். 64 பிற் விண்டோஸில் அந்தக் கால 16 பிற் நிரல் ஓடாது, எந்த அமைப்பை மாற்றினாலும் ஓடாது. பழைய டொஸ் கணினி போல நடிக்கும் மென்பொருளான டொஸ்பொக்ஸ் எக்ஸ் போடுங்கள். சாதாரண டொஸ்பொக்ஸ் விளையாட்டுகளுக்காகச் செய்யப்பட்டது. எக்ஸ் பதிப்பில் பிறின்ரர் வசதியும் உண்டு. கணக்கு போல்டரை எட்டு ஆங்கில எழுத்துக்கு மிகாத பெயரில் சி டிரைவில் பிரதிசெய்து, 'மவுன்ற்' கட்டளையால் அதைக் காட்டவேண்டும். 'ரன்ரைம் எரர் 200' வந்தால் அது பாஸ்கல் மொழியில் எழுதிய நிரல். வேகமான சிபியூவில் நேரத்தை அளக்கும் கணக்கு நிரம்பி வழிவதால் வரும் பிழை. எஃப்11 ஐ அழுத்தியபடி கழித்தல் விசையைத் தட்டி வேகத்தைக் குறைத்தால் ஓடும்.

பழைய தரவு மட்டும் போதுமானால் நிரலே தேவையில்லை. 'டிபிஎஃப்' என்று முடியும் பைல்களை லிபர்ஒபிஸ் கல்க் நேராகத் திறக்கும். பிளொப்பியில் பிரதி இருந்தால் தகட்டின் உலோக மூடியை விலக்கிப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டிரைவில் போடவேண்டாம், வாசிக்கும் தலையில் ஒட்டி அடுத்த பிளொப்பியையும் கீறிவிடும்.

கேள்வி: ஹாட் டிஸ்க் 'டிக் டிக்' என்கிறது. விண்டோஸின் டிஸ்க் சோதனை நிரலான செக்டிஸ்க்கை ஓடவிடலாமா?
(வாசகர், பொத்துவில்)

பதில்: கூடாது. உடனே நிறுத்துங்கள். லினக்ஸ் பென் டிரைவிலிருந்து டிடிறெஸ்கியூ என்ற மீட்பு நிரல் மூலம் வேறு டிஸ்க்குக்கு முழுப் பிரதி எடுத்து, பிரதியிலிருந்து பைல்களைத் தேடுங்கள்.

கேள்வி: லண்டன் மாமா விட்டுப்போன சின்கிளேயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ரம் ஒன்று அலமாரியில் இருந்தது. அடப்டர் இல்லை. எப்படி எழுப்புவது, நிரல் எங்கே கிடைக்கும்?
(வாசகர், திருக்கோவில்)

பதில்: 1982 இல் வந்த, தொலைக்காட்சியில் இணைக்கும் அருமையான வீட்டுக் கணினி, அவசரப்பட்டு மின்சாரம் கொடுக்க வேண்டாம். அதற்கு 9 வோல்ற் நேர்மின், 1.4 அம்பியர் அல்லது கூடியது வேண்டும். முனையின் நடுப்பகுதி கழித்தல், வெளிப்பகுதி கூட்டல். இன்றைய அடப்டர்களில் பெரும்பாலும் இது எதிர்மாறாக இருக்கும், மாறிப் போட்டால் பலகை எரிந்துபோகும். செருக முன் மல்ரிமீற்றரில் பாருங்கள்.

தொலைக்காட்சியின் அனலொக் ரியூனரை யூஎச்எஃப் 36 ஆம் அலைவரிசையில் தேடுங்கள். படம் வந்ததும் 'பிரின்ட் பீக் 23732 + 256 * பீக் 23733' என்று தட்டினால், 65535 வந்தால் நினைவகம் 48கே, 32767 வந்தால் 16கே. சில விசைகள் வேலை செய்யாவிட்டால் உள்ளே இருக்கும் மென்தகட்டின் நாடா உடைந்திருக்கும். அது இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகிறது.

நிரல்கள் ரிசட்எக்ஸ், ரப் வகைப் பைல்களாக வேர்ள்ட் ஒப் ஸ்பெக்ரம் களஞ்சியத்தில் உள்ளன. ஸ்பெக்ரம் கசற் நாடாவின் ஒலியிலிருந்தே நிரலை ஏற்றும், ஆகவே அவற்றை வேவ் ஒலியாக மாற்றி, கைபேசியின் ஒலித் துளையிலிருந்து 'இயர்' என்ற துளைக்கு மொனோ வயர் கொடுத்து, ஜே விசையும் பிறகு சிம்பல் சிப்ற்றுடன் பி விசை இரண்டு முறையும் தட்டி என்ரர் கொடுங்கள். சத்தம் ஏறத்தாழ முழுதாக இருக்கவேண்டும். எம்பி3 ஆகச் சுருக்க வேண்டாம், அலையின் கூர்மை மழுங்கி 'ரேப் லோடிங் எரர்' வரும். கைபேசியை விமான நிலையில் வைத்துவிடுங்கள். நடுவில் ஓர் அறிவிப்புச் சத்தம் வந்தாலும் முதலிலிருந்து ஏற்றவேண்டும்.