பந்தயத் திடலில் அறிவிப்பு கேட்க வேண்டுமானால்

கேள்வி: ராதாபுரம் அருகே பொட்டல் நிலத்தில் ஆடி மாதம் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தவிருக்கிறோம். அறிவிப்பு எல்லோருக்கும் கேட்க, மேடையருகே பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கினால் போதுமா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: போதாது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைவதால், மேடையருகே நிற்பவருக்குக் காது வலிக்கும்; கடைசியில் நிற்பவருக்கோ வண்டி இரைச்சலே மிஞ்சும். ஆகவே சிறிய பெட்டி ஒலிபெருக்கிகளைத் தடுப்பு வேலி நெடுகிலும், ஓடுதளத்துக்கு முதுகுகாட்டி, பார்வையாளரை நோக்கிச் சற்றே கீழ்ச்சாய்வாகப் பொருத்துங்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் ஆடிக்காற்றை உங்கள் பகுதியில் அலட்சியப்படுத்தவே கூடாது. காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து ஆட்களின் தலைக்கு மேலே போய்விடும் என்பதால், பெட்டிகளின் முகம் இயன்றவரை கிழக்கு நோக்கி இருக்கட்டும். ஒலிவாங்கிக்குப் பஞ்சு உறையும் கட்டாயம் தேவை. ஒலி 100 மீட்டர் கடக்க ஏறத்தாழ 0.29 விநாடி ஆவதால், தொலைவிலுள்ள பெட்டிகளுக்கு, ஒலியைச் சற்றுப் பிந்தி அனுப்பும் தாமதக் கருவி வைக்காவிட்டால் ஒரே சொல் இருமுறை கேட்கும்.

கூம்பு ஒலிபெருக்கிகளைத் தவிர்த்து, காவல்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். விபத்து நேர்ந்தால் கூட்டத்தை விலக்கி ஆம்புலன்ஸுக்கு வழிவிடச் செய்வது இந்த ஒலியமைப்புதான் என்பதால், அதற்கு மின்கல மாற்று இணைப்பு இல்லாமல் பந்தயத்தைத் தொடங்கவே வேண்டாம். வண்டி ஓட்டும் வீரர்களுக்கு இது கேட்காது, அவர்களுக்குக் கொடி அசைத்துத்தான் சைகை காட்ட வேண்டும்.