ஆஸ்பிரின் போட்டால் சிலருக்கு மூச்சு இழுப்பது ஏன்?

ஆஸ்துமா உள்ள சிலருக்கு, தலைவலிக்கென்று ஓர் ஆஸ்பிரின் போட்ட அரை மணியிலிருந்து 3 மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகி, கண் சிவந்து, மூச்சு இழுக்கத் தொடங்கும். இதுதான் ஆஸ்பிரின் ஒவ்வாத ஆஸ்துமா. பலருக்கு மூக்கினுள் சதை வளர்ச்சியும் இருக்கும்.

மூச்சுக்குழாய்ச் சுவரில் மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்கள் உண்டு. இவர்களுக்கு அவை எப்போதுமே சீண்டிவிட்ட நிலையில்தான் இருக்கின்றன. புராஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருள் அவற்றை அடக்கி வைக்கிறது. அதன் உற்பத்தியை ஆஸ்பிரின் குறைத்துவிடும். அப்புறம் மூக்கணாங்கயிறு அறுந்த காளை கதைதான்: அந்தச் செல்களிலிருந்து ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன்கள் என்ற வீக்கமூட்டும் பொருள்கள் கொட்டி, குழாய் வீங்கிச் சுருங்குகிறது.

"ஆஸ்பிரின்தானே ஆகாது, வேறு வலி மாத்திரை போடலாம்" என்று நினைப்பது ஆபத்து. ஐபுபுரூஃபனும் டைக்குளோஃபினாக்கும் இதே வேலையைத்தான் செய்கின்றன. சாதாரண அளவு பாராசிட்டமால் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், அதையும் டாக்டரிடம் கேட்டே போடுங்கள்.