ஏழு அடுக்கா, நான்கு அடுக்கா?

கேள்வி: கணினிகள் வலையமைப்பில் பேசிக்கொள்வதை அடுக்கு அடுக்காகப் பிரித்து விளக்கும் மாதிரிகள் இரண்டு: ஓஎஸ்ஐ மாதிரியில் ஏழு அடுக்குகள், டிசிபி/ஐபி மாதிரியில் நான்கு. இணையம் ஓடுவது இரண்டாவதில் என்றால் முதலாவதை ஏன் படிக்க வேண்டும்?

பதில்: பழுது பார்க்கத்தான். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்றே டிசிபி/ஐபிக்கு மாறிவிட்டது. ஓஎஸ்ஐ தரநிலை வெளிவந்தது 1984இல். ஓஎஸ்ஐயின் செஷன், பிரசன்டேஷன், அப்ளிகேஷன் மூன்றும் டிசிபி/ஐபியில் ஒரே அப்ளிகேஷன் அடுக்கு. பிசிக்கலும் டேட்டா லிங்க்கும் சேர்ந்து லிங்க் அடுக்கு. தரவை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் எந்த அடுக்கு என்று பலர் வாதாடுவார்கள். டிசிபிக்கு மேலே, வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் ஹெச்டிடிபிக்குக் கீழே என்று புரிந்துகொண்டால் போதும், எண் முக்கியமில்லை.

பழுது வந்தால் கீழிருந்து மேலே போங்கள்: கேபிள் செருகும் போர்ட்டின் விளக்கு எரிகிறதா, ஏஆர்பி அட்டவணையில் (எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி, அதாவது வன்பொருள் முகவரி, என்ற பட்டியல்) கேட்வேயின், அதாவது வெளியே போக வழிவிடும் ரவுட்டரின், மேக் முகவரி இருக்கிறதா, கேட்வேக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகிறதா, பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ் விடை தருகிறதா, சர்வரில் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கான 443ஆம் போர்ட் எண் திறக்கிறதா.

இவ்வளவும் சரியாக இருந்தும் பெரிய பக்கங்கள் மட்டும் பாதியில் நிற்பதுண்டு. அடுக்குகளைத் தனித்தனியாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் இது. ஈதர்நெட் ஒரு தடவையில் சுமப்பது 1500 பைட். ஐபிவி4 தலைப்பு 20, டிசிபி தலைப்பு 20 போக மிச்சம் 1460. இடையில் பிபிபிஓஇ (சில பிராட்பேண்ட் இணைப்புகள் பயன்படுத்தும் முறை) இருந்தால் இன்னும் 8 குறையும். பாக்கெட் பெரிது என்று ரவுட்டர் சொல்லும் ஐசிஎம்பி (பிழை அறிவிப்பு) செய்தியை ஃபயர்வால் தடுத்துவிட்டால், அனுப்பிய கணினிக்குக் காரணமே தெரியாது. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள் (ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 சேர்ந்தால் 1500). அது போகாமல் 1464 போனால், ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் டிசிபி சுமக்கும் தரவின் உச்ச அளவு) அளவை 1452 ஆக்குங்கள்.