பேசிப் பழக ஆளே இல்லையாம்!

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் ஒரு ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர். ஆங்கிலத்தில் மெயில் நன்றாகவே எழுதுவேன். சரக்கு வாங்கும் பையர் வீடியோ காலில் வந்தால் மட்டும் வாய் கட்டிப்போகிறது. கேமராவை அணைத்துவிட்டு ஜூனியர் பையனைப் பேச விடுகிறேன். இரண்டு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் முடித்தாயிற்று. தினமும் பத்துப் புது வார்த்தை மனப்பாடம் செய்கிறேன். பேசிப் பழகத்தான் ஆள் இல்லை. மகள் படிப்பைப் பற்றிக் கவலையில்லை, மனைவி எம்.ஏ. ஆங்கிலம், வீட்டில்தான் இருக்கிறார், அவரே சொல்லிக்கொடுத்துவிடுவார். 20,000 ரூபாய் கட்டி ஆன்லைன் வகுப்பு ஒன்றில் சேரலாமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, 'ஆள் இல்லை' என்று எழுதிய கையோடு 'மனைவி எம்.ஏ. ஆங்கிலம்' என்றும் எழுதியிருக்கிறீர்களே, தபாலில் போடும் முன் ஒரு தரம் படித்துப் பார்க்கவில்லையா?

மகளுக்கு அவர் போதும், உங்களுக்கு மட்டும் ஆள் இல்லை. முன்பின் தெரியாத இருபது பேர் நடுவில் உளறலாம், கட்டினவள் காதில் மட்டும் விழக்கூடாது. அதுதானே? இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன, பெரும்பாலும் ஆண்களிடமிருந்து. வீட்டில் எல்லாம் தெரிந்தவராகவே இருந்தாக வேண்டும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? வெளியே தடுமாறுகிறவன் தைரியமாகத் தப்புச் செய்யத்தான் குடும்பம் இருக்கிறது. அங்கேயும் வேஷம் போட்டால் எங்கே போய் வாயைத் திறப்பீர்கள்?

வகுப்புக் கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேரம், இருபது பேர். வாத்தியார் பேசவே இல்லை என்றாலும் ஆளுக்கு மூன்று நிமிடம்தான்.

வார்த்தை மனப்பாடத்தை இன்றோடு நிறுத்துங்கள். 1959-இல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' ஒலிபரப்பைத் தொடங்கியது. வெளிநாட்டு நேயர்களுக்காக, சுமார் 1,500 சொற்களை வைத்தே, நிதானமான வேகத்தில் செய்தி வாசித்தார்கள். மெயில் எழுதுகிற உங்களிடம் அதைவிட அதிகமாகவே இருக்கும். ஷேடு, சாம்பிள், ஜிஎஸ்எம் (துணியின் எடைக் கணக்கு), ஷிப்மென்ட் என்று கம்பெனியில் நாள் முழுக்கப் பேசுவதில் பாதி ஆங்கிலம்தானே!

மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்தால் போதும். ஆங்கிலத்தில் ஆளைச் சொன்னதுமே வந்தாக வேண்டும். நீங்கள் தமிழில் யோசித்து, திருப்பிப் போட்டு முடிப்பதற்குள் பையர் அடுத்த ஸ்டைலுக்குப் போய்விடுவார். அதனால் தனிச்சொல் வேண்டாம், முழு வாக்கியமாகவே பழகுங்கள். 'வீ வில் ஷிப் ஆன் ஃப்ரைடே.' 'தி ஷேடு இஸ் நாட் மேட்சிங்.' 'கேன் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?' உங்கள் வேலைக்குத் திரும்பத் திரும்பத் தேவைப்படுவது இப்படிச் சில டஜன் வாக்கியங்கள்தான். நோட்டில் எழுதி வைத்தால் வராது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எதிரில் ஒருவர் மடக்கிக் கேட்க வேண்டும்.

சரி, அதற்காக இன்று இரவே மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைக்காதீர்கள். சமையல், மகள் படிப்பு என்று ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கும். முதலில் சம்மதம் கேளுங்கள். கிடைத்தால் ராத்திரிப் பாத்திரங்களை நீங்கள் கழுவுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பையராக இருந்து 'ஷிப்மென்ட் ஏன் லேட்?' என்று ஆங்கிலத்தில் குடையட்டும். நடுவில் திருத்த வேண்டாம், முடித்த பிறகு சொன்னால் போதும் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். மகள் சிரிப்பாள். சிரிக்கட்டுமே, அதட்டக் கூடாது.

அப்புறம் அந்த ஜூனியர் பையன். ஷிப்மென்ட் தள்ளிப்போனால் பையரிடம் பேச்சு வாங்குவது அவன். சம்பளமும் பதவியும் உங்களுக்கு. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அடுத்த காலில் கேமராவைப் போட்டு, வணக்கமும் முதல் விஷயமும் நீங்களே பேசுங்கள். திணறினால் மட்டும் அவன் கை கொடுக்கட்டும்.

20,000 ரூபாயைக் கட்டாதீர்கள். எம்.ஏ. முடித்தவர் ஏன் வீட்டில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பி.எட். படிக்கவோ வேலைக்குப் போகவோ அவருக்கு ஆசை இருந்ததா, இப்போதும் இருக்கிறதா, அதற்கு இந்தப் பணம் உதவுமா? அவரிடம் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.