மகன் லைன் வேலைக்குப் போகட்டுமா?

வணக்கம் அம்மா. திருகோணமலை உவர்மலையிலிருந்து வெயிலில் நடந்து வந்து, "ஏ.எல். வரைக்கும் படிப்பிச்ச பிள்ளையைப் பலகை தூக்க அனுப்புறதா?" என்று கேட்டுக் கண் கலங்கினீர்கள். மகன் பக்கத்தில் இருந்ததால் அன்று முழுதாகப் பேச முடியவில்லை.

கொழும்புப் பக்கத் தளபாடத் தொழிற்சாலையில் கிடைத்த அந்த வேலைக்கு அவன் போகட்டும். 19 வயதில் அது தாழ்ந்த தொடக்கம் இல்லை. என் பயம் வேறு. லைன் என்றால் கதிரை கைமாறிக் கைமாறிப் படிப்படியாகப் பூட்டப்படும் வரிசை. அதில் ஒருவருக்கு ஒரு வேலைதான். கதிரைக் காலுக்குப் பசை பூசுவதில் மகன் கெட்டிக்காரன் என்று கண்டால், சுப்பவைசர் அவனை அங்கேயே வைத்துவிடுவார். இரண்டு வருஷம் கழித்தும் அவனுக்குப் பசை மட்டும்தான் தெரியும். அதனால் மூன்று மாதம் போனதும் அடுத்த இடத்தைப் பழகத் தரும்படி அவனே வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அப்படியான ஒரு தொழிற்சாலையில் ஒரு பிள்ளை வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பூட்டிய கதிரையின் பொருத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். நகம் இலேசாகச் சிக்கியது. உடனே அதைத் தனியே எடுத்து வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "மரம் சரியாகக் காயேல்ல, சேர்" என்றாள். ரப்பர் மரத்தை அறுத்த கையோடு மருந்தேற்றாவிட்டால் பூஞ்சணமும் வண்டும் பிடிக்கும். பிறகு சூளையில் ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவிடுவார்கள். அதில் பிசகினால், பூட்டிய பிறகு மரம் சுருங்கிப் பொருத்து விலகும். அந்தப் பிள்ளையின் கைக்கு இது தெரிந்திருந்தது. உங்கள் மகனும் சம்பளத்தோடு சேர்த்து இதைத்தான் உழைக்க வேண்டும்.

அந்த அனுபவத்தைக் காட்டிப் பரீட்சிப்பு மூலம் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ, தொழில் பழகுநர் பயிற்சியைப் பார்க்கும் அரச நிறுவனமான நைட்டாவிலோ விசாரியுங்கள். 4ஆம் தரம் கிடைத்தால் 5, 6 என்று டிப்ளோமா வரை வழி இருக்கிறது. ஊர் திரும்பி நிலாவெளிப் பக்க ஹோட்டல்களுக்குக் கதவு, அலுமாரி செய்வதென்றாலும் அந்தத் தாள் உதவும்.

மரத்தூளை மட்டும் சும்மா விடாதீர்கள். அது புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உறுதியாகியிருக்கிறது. மூக்கில் கட்டிய லேஞ்சி போதாது, சரியான மாஸ்க் வேண்டும். வாள் மெஷினில் காதடைப்பும் வேண்டும். பிளேட்டுக்குக் கிட்டக் கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ளச் சொல்லுங்கள். அவசரத்தில் காவல் மூடியைக் கழற்றச் சொன்னால், மாட்டேன் என்று சொல்லும் தைரியத்தை இப்போதே நீங்கள் கொடுத்து அனுப்புங்கள்.

நியமனக் கடிதம் கையில் வராமல் ரயில் ஏற வேண்டாம். சேமலாப நிதிக்கு அவனிடம் 8 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 சதவீதமும் முதலாளியின் பங்கு. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. கடிதம் வந்ததும் மகனிடம் கொடுத்து என்னிடம் அனுப்புங்கள், நானும் அவனும் இருந்து வரி வரியாக வாசிப்போம்.