கரு 6 வாரம், கணவர் வந்து நாலரை வாரம்: எது சரி?

கேள்வி: என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஒன்றரை வருடம் கழித்து ஏப்ரல் 8ஆம் தேதி ஊருக்கு வந்தார். எனக்குக் கடைசியாக மாதவிலக்கு ஆனது மார்ச் 29. மாதாமாதம் 28 நாளில் சரியாக வந்துவிடும். இந்த முறை நாள் தள்ளிப்போனதும் கிட்டில் பார்த்தேன், இரண்டு கோடு. மே 10 அன்று எடுத்த ஸ்கேனில் 6 வாரம், இதயத்துடிப்பு இருக்கிறது என்று வந்தது. என் நாத்தனார் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணன் வந்தே நாலரை வாரம்தானே ஆச்சு?” என்றார். அன்றிலிருந்து கணவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. “மெஷின் பொய் சொல்லுமா?” என்கிறார். எப்படிப் புரியவைப்பேன்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: மெஷினும் பொய் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை அம்மா. நீங்கள் எழுதியிருக்கும் தேதிகள் அத்தனையும் ஒன்றோடொன்று அப்படியே பொருந்துகின்றன. இந்தப் பக்கத்தைக் கணவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கர்ப்பத்தின் வயதைக் கரு உருவான நாளிலிருந்து நாங்கள் எண்ணுவதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் எண்ணுகிறோம். முட்டை எப்போது வெளிவந்தது, விந்தணு எப்போது சேர்ந்தது என்பது யாருக்கும் தெரியாது. விலக்கான தேதி தெரியும். ஆகவே 40 வாரம், 280 நாள் என்று சொல்கிறோமே, அதில் முதல் இரண்டு வாரம் வயிற்றில் கருவே கிடையாது. மார்ச் 29இலிருந்து மே 10 வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 42 நாள். ரிப்போர்ட்டில் இருக்கும் 6 வாரம் அதுதான்.

‘விலக்கான தேதி மெஷினுக்கு எப்படித் தெரியும்?’ என்று அவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஸ்கேனில் அளப்பது கருவின் நீளத்தை. ரிப்போர்ட்டில் ‘சிஆர்எல்’ என்று மில்லிமீட்டரில் போட்டிருக்கும். 6 வாரத்தில் அது சுமார் 4 மி.மீ. இந்த நீளத்துக்கு இத்தனை வாரம் என்ற அட்டவணை மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. அந்த அட்டவணையும் விலக்குத் தேதிக் கணக்கில் போட்டதுதான். இவ்வளவு ஏன், டெஸ்ட் டியூப் முறையில் கரு உருவான நாள் கண்ணெதிரே தெரிகிறது. அங்கேயும் அதோடு 14 நாளைக் கூட்டித்தான் எழுதுகிறோம்.

சரி, உள்ளே என்ன நடந்திருக்கும்? 28 நாள் சுழற்சி என்றால் உங்களுக்கு ஏப்ரல் 12 வாக்கில் முட்டை வெளிவந்திருக்கும், ஓரிரு நாள் முன்னே பின்னே இருக்கலாம். முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். விந்தணு 5 நாள் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். இரண்டும் சேர்வது கர்ப்பப்பையில் என்று பலர் நினைக்கிறார்கள், கருக்குழாயில்தான் சேர்கின்றன. ஒரு விந்தணு நுழைந்ததுமே முட்டையின் உறை இறுகி மற்றவற்றுக்கு வழியை அடைத்துவிடும். சேர்ந்த அந்த ஒரு செல் அடுத்த நாள் இரண்டாகும், பிறகு நான்கு, 3ஆம் நாள் சுமார் எட்டு. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆச்சரியம் தரும் இடம் இது: செல்கள் பெருகப் பெருக, மொத்தப் பருமன் கூடுவதே இல்லை. சுமார் 0.1 மி.மீ. முட்டையாக இருந்த அதே உறைக்குள் பிரிந்து பிரிந்து செல்கள்தான் சிறிதாகிக்கொண்டு போகும். 5ஆம் நாள் வாக்கில் நடுவே நீர் கோக்கும். வெளி அடுக்கு பின்னால் நஞ்சுக்கொடியாகும். உள்ளே ஒரு பக்கமாக ஒதுங்கும் சின்னக் கொத்திலிருந்துதான் குழந்தை உருவாகும். அப்புறம் உறையைக் கிழித்து வெளியே வந்து, 6 முதல் 10ஆம் நாளுக்குள் கர்ப்பப்பைச் சுவரில் பதியும். உங்கள் கணக்கில் ஏப்ரல் 18-22. பதிந்த பிறகு சுரக்கும் ஹெச்சிஜி ஹார்மோன்தான் கிட்டில் இரண்டாவது கோடாகத் தெரிந்தது. கரு உருவாகி ஏறக்குறைய 22 நாளில், மே 4 வாக்கில், இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும். 10ஆம் தேதி துடிப்பு தெரியாமல் இருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.

உங்கள் நாத்தனார் நினைப்பதுபோல 6 வாரத்துக்கு முன்பே கரு உருவாகியிருந்தால், ஸ்கேன் 8 வாரம் என்று காட்டியிருக்கும். நீளமும் ஒன்றரை சென்டிமீட்டர் வாக்கில் இருந்திருக்கும். அதுவும் அவர் சொல்லும் கணக்குப்படி போனால் வந்து நிற்பது எந்த நாள் தெரியுமா? மார்ச் 29, உங்களுக்கு விலக்கான நாள்!

டிஎன்ஏ டெஸ்ட், அது இது என்று யாராவது ஆரம்பித்தால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு காலண்டர் போதும். இந்த மனக்கஷ்டத்தில் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூளையும் தண்டுவடமும் உருவாகும் மாதம் இது. கணவரின் லீவு முடிவதற்குள் அடுத்த செக்கப்புக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டரிடம் கேள்வியை அவரே கேட்கட்டும். நாத்தனார் வர வேண்டியதில்லை.