ஏர்லைனுக்கு முன் இன்ஸ்ட்ரக்டர் வேலை அவசியமா? வாசகர் கேள்வி–பதில்

கே: என் மகன் 200 மணி நேரம் பறந்து சி.பி.எல். (வணிக விமானி லைசென்ஸ்) வாங்கி ஓராண்டு ஆகிறது. ஏர்லைன் அழைப்பு வரவில்லை. 'முதலில் பயிற்சிப் பள்ளியில் பறக்கக் கற்றுக்கொடுக்கும் இன்ஸ்ட்ரக்டராகப் போனால்தான் ஏர்லைன்' என்கிறார்கள். அப்படிக் கட்டாயம் உண்டா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

ப: இல்லை. அது அமெரிக்க நிலைமையை வைத்துச் சொல்வது. 2009இல் பஃபலோ நகரருகே நடந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு அங்கே சட்டம் மாறியது. 2013 முதல் ஏர்லைனில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் தேவை. அந்த மணிகளைச் சம்பளத்தோடு சேர்க்க, கற்றுக்கொடுப்பதுதான் அங்கே வழக்கமான வழி. நம் நாட்டில் 1,500 மணி என்பது கேப்டன் ஆவதற்கான ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்கு. துணை விமானியாகச் சேர சி.பி.எல்.லும், குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங்கும் போதும். அழைப்பு கையில் இருந்தால் தயங்காமல் போய்விட வேண்டும். சீனியாரிட்டி சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடும்.

உங்கள் மகன் விஷயம் வேறு. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் 12 மாதத்தில் காலாவதியாகிவிடும். ஓராண்டு பறக்காமல் இருந்தவர் ஏர்லைன் நடத்தும் சிமுலேட்டர் (மாதிரி காக்பிட்) தேர்வில் முதலில் தடுமாறுவது உயரத்தையும் வேகத்தையும் பிடித்து வைப்பதில்தான். வீட்டில் காத்திருப்பதைவிட இன்ஸ்ட்ரக்டராகப் போவது நூறு மடங்கு மேல்.

கே: செஸ்னா என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் கற்றுக்கொடுத்த அனுபவம் ஏர்பஸ்ஸில் எதற்கு உதவும்?
– வாசகி, ஓசூர்

ப: மாணவர் இடது சீட்டில் உட்கார்ந்து, இடது கையில் யோக்கையும் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) வலது கையில் த்ராட்டிலையும் (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைப்பது) பிடிக்கிறார். இன்ஸ்ட்ரக்டருக்கு வலது சீட், கைகள் மாறிவிடும். ஏர்பஸ் ஏ320 துணை விமானிக்கும் அதேதான்: வலது சீட், வலது கையில் யோக்குக்குப் பதிலான சைட்ஸ்டிக், இடது கையில் த்ராட்டிலுக்குப் பதிலான த்ரஸ்ட் லீவர்.

அதைவிடப் பெரிய லாபம், தவறு உருவாகும்போதே கண்டுபிடிக்கும் கண். செஸ்னா 172இல் தரையிறங்கும்போது, இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃபிளாப்பை இறக்கி 60 முதல் 70 நாட் (மணிக்குச் சுமார் 110 முதல் 130 கி.மீ.) வேகத்தில் வர வேண்டும். மாணவர் 80இல் வந்தால் விமானம் தரையைத் தொடாமல் மிதக்கும். பதற்றத்தில் யோக்கை இழுப்பார். விமானம் மேலே எழும்பும். பயந்து உடனே முன்னே தள்ளுவார். மூக்குச் சக்கரம் முதலில் இடித்து விமானம் குதிக்கத் தொடங்கும். இரண்டாவது மூன்றாவது குதிப்பில் மூக்குச் சக்கரத்தின் கால் வளையலாம், ப்ரொப்பெல்லர் தரையில் அடிக்கலாம். எழும்பிய நொடியிலேயே 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்று சொல்லிக் கட்டுப்பாட்டைத் தன் கையில் வாங்கி, முழு பவர் கொடுத்து கோ-அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் மேலேறிச் சுற்றி வருவது) போவதா, இன்னும் ஒரு நொடி மாணவருக்கு விடுவதா என்பதை இன்ஸ்ட்ரக்டர் நாள்தோறும் தீர்மானிக்கிறார். இந்த நிதானத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்து வாங்க முடியாது.

குறையும் உண்டு. நல்ல வானிலையில் ஓடுபாதையைச் சுற்றி வரும் சர்க்யூட்டே சுற்றினால் இன்ஸ்ட்ருமென்ட் பறத்தல் மங்கிவிடும். அதற்குத் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும். காக்பிட்டில் தானே முடிவெடுத்துப் பழகியவர், கேப்டனோடு வேலையைப் பகிர்ந்துகொள்ளவும் புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.

கே: ஒரு பயிற்சிப் பள்ளியில் இன்ஸ்ட்ரக்டராகச் சேருமுன் என்ன விசாரிக்க வேண்டும்?
– வாசகர், பாலக்கோடு

ப: முதலில் கிடைப்பது உதவிப் பயிற்றுநர் ரேட்டிங், அதாவது ஏ.எஃப்.ஐ.ஆர்.; முழு இன்ஸ்ட்ரக்டரின் மேற்பார்வையில்தான் கற்றுக்கொடுக்கலாம். ஆகவே அந்த மேற்பார்வையாளர் அங்கே நிலையாக இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். அடுத்து, பறக்கும் நிலையில் எத்தனை விமானம், அவற்றைப் பங்கிட எத்தனை இன்ஸ்ட்ரக்டர்? ஷெட்டில் நிற்கும் விமானங்களை எண்ணி ஏமாறாதீர்கள். உதிரி பாகத்துக்காக மாதக்கணக்கில் நிற்பவையும் அதில் இருக்கும். சம்பளத்தைவிட, இப்போது வேலை செய்பவர்கள் போன மாதம் எத்தனை மணி பறந்தார்கள் என்பதே முக்கியம். இத்தனை காலம் வேலை செய்வேன் என்று பாண்ட் கேட்டால், ஏர்லைன் அழைப்பு வந்தால் எத்தனை நாள் நோட்டீஸில் விடுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பறக்காத மணியை லாக்புக்கில் எழுதச் சொல்லும் இடத்தில் ஒரு நாளும் இருக்காதீர்கள். பிடிபட்டால் லைசென்ஸே போய்விடும்.

கே: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். விமானி ஆக வேண்டுமாம். மாந்தோப்பை அடகு வைக்கலாமா?
– வாசகர், பென்னாகரம்

ப: மருத்துவச் சான்று கைக்கு வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2 சான்று, பிறகு சி.பி.எல்.லுக்கு வேண்டிய கிளாஸ் 1. கிளாஸ் 1 பரிசோதனைக்கு பெங்களூரிலுள்ள விமானப்படையின் விமான-விண்வெளி மருத்துவ நிறுவனம் உங்களுக்குப் பக்கம். நிறப்பார்வையையும் காதையும் அங்கே கறாராகப் பார்ப்பார்கள். சி.பி.எல். முடிந்த பிறகு டைப் ரேட்டிங்குக்கும் தனியாகப் பல லட்சம் ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, அடகைப் பற்றி முடிவு செய்யுங்கள்.